கை தட்டிய மண்டபம்

அங்கிள்,

போன சனிக்கிழமை சிட்னியில், பென்டில் ஹில்லில் ஒரு விழாவுக்குப் போனேன். வாசலில் ஒரு பிள்ளை பன்னீர் தெளித்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எல்லோருக்கும் கல்யாண வீட்டு வாசனை, எனக்கு மட்டும் அரியண்டம். உள்ளே ஒருவர் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பழைய பெருமைகளை ஒலிவாங்கியில் அளந்துகொண்டிருந்தார். எழுபதுகளில் நடந்த பொங்கல் விழா ஒன்றை அமெரிக்கக் கடற்படை வீரர் ஒருவர் வந்து சிறப்பித்தாராம். சபை கை தட்டியது. சீ! நீங்கள் செத்து இவ்வளவு காலமாகியும் உங்களை விடுகிறார்கள் இல்லை.

நானும் என் கணவரும் யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னிக்கு வந்து இறங்கியபோது, எங்கள் முகத்தைக் கண்டதும் "வீடு கொடுத்தாயிற்று" என்று கதவைச் சாத்தியவர்களே அதிகம். நீங்கள் உங்கள் வீட்டின் பின்பாதியை எங்களுக்கு வாடகைக்குத் தந்தீர்கள். நான் ஆஸ்பத்திரியில் நேர்ஸ், அவர் கணக்காளர், நீங்கள் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி. அமெரிக்காவில் கடலைக் கண்ணால் காணாத ஏதோ ஒரு கோதுமை ஊரில் பிறந்து, பள்ளிக்கூடம் முடிந்த கையோடு கடற்படைக்குப் போனவர். சண்டைக் கப்பல் ஒன்றுமில்லை, மற்றக் கப்பல்களுக்கு எண்ணெய் கொண்டுபோகிற கப்பல்கள்தான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கப்பல் திருத்த வேலைக்காகச் சிட்னியில் நின்றபோது இங்கத்தைப் பெண்ணைக் கட்டினீர்கள். ஓய்வுபெற்றதும் அவவின் ஊருக்கே வந்தீர்கள். நாங்கள் வரும்போது அவ உயிரோடில்லை.

தெரு முழுக்க உங்களைக் கப்டன் என்றது. "அந்தப் பதவிக்கு நான் ஏறவேயில்லை" என்று சலிக்காமல் திருத்துவீர்கள். எனக்கு நீங்கள் அங்கிள். முதல்நாள் அப்படிக் கூப்பிட்டதும், "உன் அப்பாவுக்கு நான் அண்ணனா, தம்பியா?" என்று முகத்தில் சிரிப்பில்லாமல் கேட்டீர்கள்.

ஒருநாள் எங்கள் குசினியில் நின்றபடியே தேத்தண்ணி குடித்துக்கொண்டு அந்தக் கதையைச் சொன்னீர்கள். போரில் உங்கள் எண்ணெய்க் கப்பலுக்கு முன்னால் போன கப்பலை நீர்மூழ்கி அடித்துவிட்டது. ஆட்கள் தண்ணீரில் உயிரோடு கத்திக்கொண்டு கிடந்தார்கள். நிற்கக்கூடாது என்பது கட்டளை. நின்றால் உங்கள் கப்பலுக்கும் அதே கதிதான். கப்பலில் அந்த நேரப் பொறுப்பதிகாரி நீங்கள். நிற்கவில்லை. கரைக்கு வந்து மேலதிகாரியிடம் நடந்ததைச் சொன்னபோது அவர், "நீ கண்டது மனிதரை இல்லை, மரக்கட்டைகளை" என்றாராம். அதோடு ஒரு பதக்கத்தையும் குத்திவிட்டார்கள். மரக்கட்டை இல்லை, மனிதர் என்று நீங்கள் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தபடியால் பிறகு கப்பலே தரவில்லை. சாமான் கிடங்குகளுக்குப் பொறுப்பாக ஊரூராகத் தள்ளினார்கள். அதுதான் உங்கள் உத்தியோகம் முழுவதும்.

எங்கள் சங்கச் செயலாளருக்கு எப்படியோ மூக்கு வேர்த்துவிட்டது.

"தங்கச்சி, நீங்கள் இருக்கிற வீட்டுச் சொந்தக்காரன் அமெரிக்கன் நேவிக் கப்டனாமே? பொங்கலுக்குப் பிரதம விருந்தினராக் கூட்டிக்கொண்டு வாரும்."

"அவர் கப்டன் இல்லை அண்ணை."

"அதை ஆர் பாக்கப்போகினம்? வெள்ளைக்காரன், யூனிபோர்மோட வந்தாச் சரி."

நீங்கள் மறுப்பீர்கள் என்றிருந்தேன். உடனே ஒப்புக்கொண்டீர்கள். "பழைய படையினர் சங்கங்களில் இதைச் சொல்ல விடமாட்டார்கள். அந்தச் சண்டையில் பெருமைப்பட உன் ஆட்களுக்கு ஒன்றுமில்லை. அவர்கள் கேட்பார்கள்" என்றீர்கள். எங்கள் சனத்தைப் பற்றி எவ்வளவு நல்ல எண்ணம்!

சிட்னியின் தை மாதக் கோடை வெயிலில் அந்தத் தேவாலய மண்டபம் வெந்துகொண்டிருந்தது. பன்னீர், மாலை, பொன்னாடை எல்லாம் ஒழுங்காக நடந்தன. நீங்கள் சாதாரணச் சட்டையோடு வந்ததில் மட்டும் செயலாளருக்கு மனவருத்தம். குசினியில் சொன்னதையே மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னீர்கள். "அவர்கள் உயிரோடு இருந்தார்கள். நான் கண்டேன். கண்டும் போய்விட்டேன்" என்று முடித்தீர்கள். ஊரிலிருந்து பிள்ளைகளிடம் வந்திருந்த தாய்தகப்பன்மாருக்காகச் செயலாளர் அதைத் தமிழாக்கினார்:

"கொந்தளிக்கும் கடலிலே, எதிரியின் குண்டுமழைக்கு நடுவிலே, கலங்காத நெஞ்சோடு கப்பலைக் கரைசேர்த்த வீரர் இவர்!"

மண்டபம் அதிரக் கை தட்டியது. இங்கிலீஷ் தெரியாத கிழடுகட்டைகள் தட்டினால் மன்னிக்கலாம். டொக்டர்மாரும் என்ஜினியர்மாரும் இங்கிலீசில் படித்துப் பட்டம் வாங்கியவர்கள். நீங்கள் சொன்னது ஒரு சொல் விடாமல் விளங்கியவர்கள். அந்த வெட்கங்கெட்டவர்கள்தான் பலமாகத் தட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் என் கணவரும் தட்டினார்.

"என்னத்துக்கப்பா தட்டுறியள்?"

"சும்மா இரும். எல்லாரும் தட்டுகினம்."

அந்த மனிசனுக்குப் பக்கத்தில் இருக்கவே எனக்கு அருவருத்தது.

நீங்கள் இறங்கி வந்து, "ஏன் கை தட்டினார்கள்?" என்று என்னிடம் கேட்டீர்கள். செயலாளர் என்ன சொன்னார் என்று மறைக்காமல் சொன்னேன். நீங்கள் கோபிக்கவில்லை. "கடற்படையில் ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்துக்கே மாற்றினார்கள். இங்கே பரவாயில்லை, இரண்டு மொழி" என்றீர்கள். பிறகு குரல் இறங்கிப்போய், "நான் சொன்னதை நீ சொல்கிறாயா?" என்று கேட்டீர்கள்.

நன்றியுரைக்கு எழும்பியவரை இருக்கச் சொல்லிவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தேன். மேடைத் தமிழ் எனக்கு வராது. "இவர் வீரம் ஒண்டும் கதைக்கேல்ல. தண்ணியில உயிரோட கிடந்த ஆக்களை விட்டிட்டு வந்தனான் எண்டு சொன்னவர். அதுக்குத்தான் நீங்கள் கை தட்டினனீங்கள்" என்றேன்.

செயலாளர் சிரித்துக்கொண்டே, "தங்கச்சி வெயிலுக்குக் களைச்சுப்போனா. பொங்கல் ஆறுது, எல்லாரும் வாங்கோ!" என்றார். கதிரைகளை இழுத்துத் தள்ளிவிட்டுச் சனம் பொங்கலுக்கு வரிசை கட்டியது. தூ!

ஒரு அம்மா மட்டும் வரிசைக்குப் போகவில்லை. மகனோடு இருக்க ஊரிலிருந்து வந்தவ. உங்கள் முன்னால் வந்து நின்று, "அந்தப் பெடியளின்ர தாய்மாரிட்ட இவர் போய்ச் சொன்னவரோ எண்டு கேள் பிள்ளை" என்றா.

கேட்டேன். "இல்லை" என்றீர்கள்.

"ஏனாம்?"

நீங்கள் கழுத்து மாலையைக் கழற்றிக் கதிரையில் வைத்தீர்கள். பிறகு, "மேலதிகாரிக்கு நான் பயப்படவில்லை. அந்தத் தாய்மாருக்குத்தான் பயந்தேன்" என்றீர்கள். தமிழில் சொன்னேன். அம்மா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை.

"ஓம், பயப்பிடத்தான் வேணும்" என்றா.

அதைக் கொஞ்சம் பதமாக்கிச் சொல்ல என் நாக்கும் துடித்தது அங்கிள். ஆனால் அப்படியே சொன்னேன்.

என் கணவர் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை, மானத்தை வாங்கிவிட்டேனாம். சங்கம் அதன்பிறகு என்னை மேடைக்குக் கிட்ட விடவில்லை. அடுத்த குளிர்காலத்தில் நீங்களும் போய்விட்டீர்கள்.

ஆஸ்பத்திரியில் தமிழ் நோயாளிகளுக்கு மொழிபெயர்க்க ஓய்வு பெறும்வரை என்னைத்தான் கூப்பிட்டார்கள். "டொக்டர் சொன்னதை அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ சிஸ்டர்" என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள். அம்மா கேட்டால் நான் சொல்லிவிடுவேன். கல்நெஞ்சுக்காரி என்று ஏசிவிட்டுப் போவார்கள். ஏசட்டும். அன்றைக்கு மண்டபத்தில் அந்த அம்மா சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னபோது உங்கள் முகம் எப்படித் தெளிந்தது என்று நேரில் கண்டவள் நான்.