ஆறாவது ஃபைலுக்கும் ஏழாவதுக்கும் நடுவில்

பிப்ரவரி 4, 2025

பாஞ்ச்கனி பள்ளியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. விடுதிக் காப்பாளர் வேலை. தங்க ஓர் அறை, ஒருவருக்கு மட்டும். இருபத்தெட்டுக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்கே எனக்கென்று ஒரு சாவி! நாற்பத்துநான்கு வயதில் ஒரு சாவிக்கு இவ்வளவு ஆசை.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரி 6

மஸ்கட்டுக்குப் போன் செய்து, அம்மாவை அழைத்துக்கொள்கிறாயா அண்ணா என்று கேட்டேன். ஜாக்சன் கத்தியிருந்தால்கூடத் தேவலை. பொறுமையாக, "அப்பா சவப்பெட்டி பக்கத்துல நின்னு நீதானே சொன்ன, நான் அம்மாவ பாத்துக்கறேன்னு? வீடியோவுல இருக்கு, போட்டுப் பாரு" என்றான்.

பன்னிரண்டு வருடமாக இதே பல்லவி. சொன்னேனா? அழுததுதான் நினைவிருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

கோயில் விட்டதும் கார்ல் அங்கிள் வீட்டுக்குப் போனேன். அப்பாவின் அடக்க ஆராதனையை எடுத்தவர் அவர்தான், அப்போது புதிதாக வாங்கிய ஹெச்.டி. கேம்கார்டரில். பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார்.

எங்கள் போபோடி வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அது செரிக்கவில்லை. ஜெபம் ஓடுகிறது, படம் நிற்கிறது. அப்பாவின் மூக்கில் பஞ்சு, அப்படியே உறைந்துபோய். சட்டென்று மூடிவிட்டேன்.

பிப்ரவரி 11

எம்.டி.எஸ். ஃபைல்களாம். எம்.பி.4 ஆக மாற்றினால் ஓடுமாம். ஒவ்வொன்றாக மாற்றுகிறேன், ஒன்றுக்கு நாற்பது நிமிடம். மாவு மில் மாதிரி இரைகிறது.

பிப்ரவரி 12

ஆறாவது ஃபைலின் கடைசியில் நான் இருக்கிறேன். வெள்ளைச் சேலை, வீங்கிய முகம். ஜாக்சனின் கையைப் பிடித்துக்கொண்டு, தெளிவாக: "நான் அம்மாவ பாத்துக்கறேன். நீ போ." ஏழாவது ஃபைல் பாஸ்டரின் ஜெபத்தோடு ஆரம்பிக்கிறது.

ஆக, சொல்லித்தான் இருக்கிறேன். மாட்டிக்கிட்டேன் - யாரும் என்னப் பூட்டல, நானே உள்ள போய் தாழ்ப்பா போட்டுக்கிட்டேன். அவன் சொன்னது சரிதானே. அதுதான் தாங்கல.

பிப்ரவரி 13

பள்ளி. பஸ். அம்மாவுக்கு மாத்திரை.

பிப்ரவரி 17

எங்கள் பள்ளிக் கம்ப்யூட்டர் டீச்சர் ப்ரீத்தியிடம் சும்மா புலம்பினேன், இரண்டு நாள் மெஷினை ஓட்டியும் படம் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது என்று.

"அச்சா, தனித்தனியாவா மாத்துனீங்க மிஸ்? அது எல்லாம் ஒரே ரிக்கார்டிங். பெருசாச்சுன்னா கேமராவே துண்டு போட்டுடும். முதல்ல ஜாயின் பண்ணணும், அப்புறம்தான் கன்வர்ட். இல்லன்னா நடுவுல கொஞ்சம் முழுங்கிடும்."

எவ்வளவு முழுங்கும் என்று கேட்டேன். இரண்டு மூன்று வினாடி என்றாள்.

பிப்ரவரி 18

முதலில் ஒட்டினேன், பிறகு மாற்றினேன்.

"நான் அம்மாவ பாத்துக்கறேன். நீ போ."

"ரெண்டே வருஷம் ரெனி. அப்புறம் அம்மா எங்கிட்ட." ஜாக்சனின் குரல்.

அதற்குப் பிறகுதான் ஜெபம்.

எத்தனை முறை போட்டேனோ. திரும்பினால் பின்னால் அம்மா. இதைக் கேளு என்றேன். அம்மா திரையைப் பார்க்கவே இல்லை.

"தெரியும். உங்க பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்."

"தெரிஞ்சுமா இத்தன வருஷம் வாயத் தொறக்கல?"

"சொன்னா நீ போயிடுவியே."

கோபமா வருது. அழுகையும் வருது. நான் உன்னோட பொண்ணா, இல்ல கைத்தடியா அம்மா? கேட்கல. மாத்திரையும் தண்ணியும் எடுத்துக் குடுத்தேன்.

பிப்ரவரி 20

அந்தப் பதினைந்து வினாடியை மட்டும் வெட்டி ஜாக்சனுக்கு அனுப்பினேன். கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. நீல டிக் விழுந்தது.

பிப்ரவரி 25

பதில் வந்தது. "அம்மா விசாவுக்கு போட்டோ எடுத்து அனுப்பு."

பாஞ்ச்கனிக்குச் சம்மதம் எழுதிவிட்டேன்.

மார்ச் 1, சனி

கட்கி பஜாரில் அம்மாவுக்குப் போட்டோ. போகும்போதும் வரும்போதும் என் கையைப் பிடிக்கவில்லை, தானே ரோட்டைக் கடந்தாள். ஸ்டூலில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, ஹஸ்னா நஹி" என்றார் போட்டோக்காரர். சிரிக்கக் கூடாதாம், எல்லோரிடமும் சொல்வதுதான்.

அம்மாவிடம் அதைச் சொல்லியிருக்கவே வேண்டாம்.