மதில்மேல் குருணை

ஜூன் 11

அன்புள்ள குண்டூசிக்கு,

உன் புத்தகப்பூச்சி எழுதுகிறேன். விடுதியில் போன் தர மாட்டார்கள் என்பதற்காக நீ அழுதாயாம், அத்தை சொன்னார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாதே.

நேற்று நடந்ததைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். உன் அப்பா தன் நீலக் காரை நம் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள மதிலோரம் நிறுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நாலு பேர். என்னைப் பார்த்ததும் மாமாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பாத்தீங்களா? கம்பெனி பெயிண்ட்! இதுல முகம் பாத்துத் தலை சீவலாம். இவ அப்பன் அடிச்சிருந்தா இந்நேரம் வெங்காயத் தோல் மாதிரி உரிஞ்சிருக்கும்" என்றார். நாலு பேரும் சிரித்தார்கள். அப்பா எங்கள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றார். பிறகு அதையும் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார்.

உங்கள் பட்டறையில் அப்பா பெயிண்ட் அடித்த பல் டாக்டரின் கார் உரிந்ததற்கு அவரா காரணம், நீயே சொல்? கிளியர் கோட் என்பது நிறத்துக்கு மேலே அடிக்கிற கண்ணாடிப் பூச்சு. வெயிலோ மழையோ, முதல் அடியை அதுதான் வாங்கும். "இன்னொரு கோட் வேணும், ஒரு நாள் காயணும்" என்று அப்பா சொன்னார். "டாக்டர் வெளியில நிக்கிறார், வண்டிய எடு" என்றது மாமா. ஒரு வருடத்துக்குள் பூச்சு செதில் செதிலாகக் கிளம்பியது. பழி அப்பா தலையில் விழுந்தது. அவரை வேலைக்கு வைக்காதீர்கள் என்று ஊரில் இருந்த ஒவ்வொரு பட்டறையிலும் மாமா போய்ச் சொல்லிவிட்டும் வந்தார். அக்கா வீட்டுக்காரர் என்று அப்பா வாயே திறக்கவில்லை. இப்போது இரும்புக் கடையில் டப்பா எடுத்துக் கொடுக்கிறார்.

அவர் திறக்கவில்லை. நான் சும்மா இருக்கப் போவதில்லை. எப்படி என்று சொல்ல மாட்டேன், நீ அவர் மகள்.

நன்றாகச் சாப்பிடு.

இப்படிக்கு,
புத்தகப்பூச்சி


ஜூன் 24

அன்புள்ள புத்தகப்பூச்சிக்கு,

உன் கடிதத்தைக் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து படித்தேன். இங்கே ஒரு வார்டன் இருக்கிறாள். கடிதம் வந்தால் நமக்கு முன்னால் அவளுக்கு மூக்கு வேர்க்கும்.

அப்பாவின் நாக்கு அப்படித்தான். வீட்டில் அம்மாவையும் விடாது. அவர் பேசியது தப்பு. ஆனாலும் அவர் என் அப்பா, அதை மறந்துவிட்டு எனக்கு எழுதாதே. பழி வாங்குவாயா, நீயா? கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறுகிறவள்! காபியில் உப்புப் போடுவாயா? அவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

அந்த நீலக் காரைப் பற்றி எனக்கு ஒன்று தெரியும். சொல்ல மாட்டேன் என்று மாமாவுக்கு, அதாவது உன் அப்பாவுக்கு, வாக்குக் கொடுத்திருக்கிறேன். தெரிந்தால் உன் கோபம் பாதியாகக் குறையும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு சும்மா இரு.

உன்,
குண்டூசி


ஆகஸ்ட் 17

அன்புள்ள குண்டூசிக்கு,

நான் பறவைப் பிரியை ஆகிவிட்டேன்! நீ சிரிப்பாய் என்று தெரியும்.

நூலகத்தில் கார் பராமரிப்பு பற்றி ஒரு புத்தகம் கிடைத்தது. அதில் பறவை எச்சத்துக்கென்றே ஓர் அத்தியாயம். எச்சத்தில் அமிலம் உண்டாம். வெயிலில் பூச்சு இளகும்போது அமிலம் உள்ளே இறங்கிவிடுமாம். பிறகு எவ்வளவு கழுவினாலும் வடு போகாதாம். அறிவு எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது பார்!

காலையில் மாமாவும் அத்தையும் ஸ்கூட்டரில் பட்டறைக்குப் போனதும், மதில்மேல் ஒரு கைப்பிடி குருணை போடுகிறேன். கார்மேல் தூசி படுமே என்று மாமா அதை ஞாயிறு தவிர எடுப்பதே இல்லை, உனக்குத்தான் தெரியுமே. புறாக்கள் தின்றுவிட்டு காருக்கு நேர் மேலே போகும் மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்துகொள்ளும். கல்யாணப் பந்தியில் சாப்பிட்டவர்களைப் போல ஒன்றுக்கும் எழுந்திருக்காது. நடுப்பகல் வெயில் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். பள்ளி விட்டு வந்ததும் நானே வாளியில் தண்ணீர் எடுத்துக் காரைக் கழுவிவிடுகிறேன்.

மாமாவுக்கு என்மேல் ஒரே பாசம். "பொண்ணுன்னா இப்படி இருக்கணும். அப்பன் புத்தி வரல" என்று அத்தையிடம் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கம் என்று நினைத்திருப்பார்.

காரின் கூரையும் எஞ்சின் மேலுள்ள முன்மூடியும் இப்போது வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கின்றன. பத்து நாள் முன்னால் மாமா விரலால் தேய்த்துப் பார்த்தார், எச்சில் தொட்டும் தேய்த்துப் பார்த்தார். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! அப்பா ஒற்றைச் செருப்போடு நின்றாரே, அதே முகம்.

மன்னித்துவிடு, நீ அவர் மகள் என்பதை மறக்கவில்லை. ஆனால் இதைச் சொல்ல எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

ஒன்று மட்டும் புரியவில்லை. அப்பாவுக்குப் பாலத்துப் பக்கம் புதிய பட்டறையில் வேலை கிடைத்திருந்தது, பெயிண்ட் துப்பாக்கி பிடிக்கிற வேலை. போன வாரம் திடீரென்று "வேணாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அம்மா கேட்டால் சுவரைப் பார்க்கிறார்.

உன்,
புத்தகப்பூச்சி


ஆகஸ்ட் 29

புத்தகப்பூச்சி,

என் மாமா, உன் அப்பா, ஏன் வேண்டாம் என்றார் என்று உனக்குத் தெரியவில்லையா? கொடுத்த வாக்கை உடைக்கிறேன், கேள்.

அந்தக் கார் கம்பெனி பெயிண்ட் இல்லை. அடிபட்டு நசுங்கிக் கிடந்த பழைய கார். நீ பள்ளி முகாமுக்குப் போயிருந்தபோது அதை முழுக்க உரித்துப் பெயிண்ட் அடித்தது உன் அப்பா. ஒவ்வொரு கோட்டையும் பொறுமையாகக் காயவைத்து அடித்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். "இது நிக்கும் கண்ணு, நான் போனப்புறமும் நிக்கும்" என்று என்னிடம் சொன்னார். புதுக் கார் என்று ஊரை நம்பவைக்க என் அப்பாவுக்கு ஆசை, அதனால் யாரிடமும் சொல்லக் கூடாது என்றார். மாமா சரி என்றார்.

டாக்டர் கார் விவகாரத்துக்குப் பிறகு மாமாவைத் தாங்கிப் பிடித்தது இந்த ஒரு கார்தான். தினமும் வேலைக்குப் போகும்போது மதிலைத் தாண்டி அதை ஒரு பார்வை பார்ப்பாராம், அம்மா சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்த அம்மா அழுதார். என் அப்பா மாமாவைக் கூப்பிட்டு, "இதுவும் பூத்துப் போச்சு பாத்தியா. உன் கை போச்சுடா" என்று சொல்லியிருக்கிறார். மாமா கிட்டே போய்க்கூடப் பார்க்கவில்லையாம். தன் கையைப் பார்த்தாராம்.

நீ என் அப்பாவைப் பழிவாங்கவில்லை. உன் அப்பாவின் கையை ஒடித்திருக்கிறாய்.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நீயே போய்ச் சொல்.

குண்டூசி


செப்டம்பர் 9

அன்புள்ள குண்டூசிக்கு,

சொல்லிவிட்டேன்.

முதலில் அப்பாவிடம். அவர் நம்பவில்லை, அவருக்காக நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்தார். "மாமாகிட்டயே சொல்றேன், வாங்க" என்று கையைப் பிடித்துப் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். சனிக்கிழமை, நல்ல கூட்டம். நீலக் காரும் அங்கேதான் நின்றது, வடுவைப் போக்க முடியுமா என்று பார்க்க மாமா கொண்டுவந்திருந்தார். பல் டாக்டரும் இருந்தார், தன் காருக்காக மறுபடி சண்டை போட வந்தவர்.

நடுவில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன், குருணை, புறா, வாளி எல்லாம். பாடம் ஒப்பிப்பது போல வந்தது. மாமாவின் முகம் செங்கல் நிறமானது.

"அடிப்பாவி! எப்பேர்ப்பட்ட வேலை தெரியுமா அது? உங்கப்பன் அடிச்ச கோட்டு பத்து வருஷம் நிக்கும்டி! இந்த ஊர்ல எவனுக்கு அந்தக் கை இருக்கு? அதைப் போய்ப் புறாவ விட்டுக் கெடுத்திட்டியே!"

காரின் நெளிவுகளைத் தட்டி எடுக்கிற டிங்கர் அண்ணன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். டாக்டர்தான் மெதுவாகக் கேட்டார், "கம்பெனி பெயிண்ட்னு சொன்னீங்களே?" பிறகு, "பத்து வருஷம் நிக்கிற கைன்னா என் வண்டி ஏன் உரிஞ்சுது?"

டிங்கர் அண்ணன் சிரித்தார். அவரைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்குத் தெருவில் சிரித்த நாலு பேரில் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள், அவர்களும்தான். மாமா எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு இனிப்பாக எதையும் நான் தின்றதில்லை.

அப்பா சிரிக்கவில்லை. காரிடம் போனார். கதவைத் திறந்து, புறா தொடாத உள்விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். ரொம்ப நேரம் தடவினார். பிறகு, "சாவி குடுங்க மச்சான். நானே சரி பண்றேன்" என்றார். மாமா எல்லோர் முன்னாலும் சாவியைக் கொடுத்தார்.

என்னிடம் அப்பா மூன்று நாள் பேசவில்லை. "நீ கெடுத்தது என் வேலைய" என்று மட்டும் சொல்லி, உப்புத்தாளும் தண்ணீரும் கொடுத்து முன்மூடி முழுவதையும் என்னையே தேய்க்கவைத்தார். விரலெல்லாம் தோல் உரிந்துவிட்டது. நேற்றுதான் பேசினார். பாலத்துப் பட்டறையில் நாளை சேர்கிறார். மீந்த நீலத்தில் என் சைக்கிளுக்கும் அடித்து, மேலே கிளியர் கோட்டும் கொடுத்திருக்கிறார். முகம் தெரிகிறது!

அப்பாவின் கையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மாமாவிடம் கேட்கவில்லை. கேட்க மாட்டேன்.

நீ சந்தோஷப்படுவாய்தானே? உடனே பதில் போடு.

உன்,
புத்தகப்பூச்சி


டிசம்பர் 2

மாமா மகளுக்கு,

மாமாவுக்கு வேலை கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம். அதை அவருக்கே தனியாக எழுதிவிட்டேன்.

என் அப்பா காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றதை எனக்கு எழுத உனக்குக் கை வந்திருக்கிறது. எத்தனை பேர் சிரித்தார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். அது இனிப்பாக இருந்தது என்றும். நீ அவர் மகள், நீ அவர் மகள் என்று முதல் இரண்டு கடிதங்களிலும் சொன்னவளும் நீதான்.

அடுத்த வாரம் விடுமுறைக்கு வருகிறேன். உன் சைக்கிள் அழகாக இருக்கிறது என்று அம்மா சொன்னார். அதை மதிலின் எந்தப் பக்கம் நிறுத்துகிறாய் என்று எனக்குத் தெரியும்.

வரும் வழியில் குருணை வாங்கிக்கொள்வேன்.

இப்படிக்கு,
அவர் மகள்