கிணறு முழுதும் தெரிய ஒரு லென்ஸ்

மார்ச் 3, திங்கள்

தெருவில் பேசிக்கொள்வது போல, அடுத்த வீட்டை வேவு பார்க்க நான் கேமரா வாங்கவில்லை. கேமரா என் மகன் ஜெயசீலனுடையது, புதிது வாங்கியதும் பழையதை இங்கேயே விட்டுப் போனான். நான் வாங்கப்போவது லென்ஸ் மட்டும். அதுவும் என் கிணற்றுக்காக.

தண்ணீரில் நுரை. கிணற்றின் எதிர்ச் சுவரில் ஈரக்கறை. மதிலுக்கு அந்தப் பக்கம் ஜஹீருன்னிசா வீட்டுத் தோல் சாயக் கொட்டகை. வேறு எங்கிருந்து வரும்? மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் மனு கொடுத்தேன். கிணற்றை நான் எடுத்த ஏழு படங்களையும் பார்த்த அதிகாரி, "துண்டு துண்டா இருக்கும்மா. கிணத்துச் சுவர் மொத்தமும் சுத்தி ஒரே படத்துல வேணும்" என்றார். இருபதாம் தேதி ஆய்வு. நிரூபணமானால் கொட்டகைக்குப் பூட்டு.

மார்ச் 4

நோன்புக் கஞ்சி இன்றும் வரவில்லை. ஒவ்வொரு வருடமும் ஜஹீருன்னிசா தூக்குப் பாத்திரத்தை மதில்மேல் வைத்து "அக்கா" என்பாள். என் வீட்டுக்காரர் போன பிறகு இந்த வீட்டை நோக்கிக் கூப்பிடுகிற குரல் அது ஒன்றுதான்.

மனு கொடுத்த அன்று சொன்னாள்: "பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டீங்க. இனிமே வாயால பேச இன்னாக்கா இருக்கு?"

நான் செய்தது சரிதான்.

மார்ச் 6

வேலூர். சுஹேல் அகமதுவின் கேமரா கடை. சுற்றிலும் உள்ளதை வட்டமாக ஒரே படத்தில் அடக்கும் லென்ஸ் கேட்டேன்.

"ஃபிஷ்ஐ லென்ஸா? இன்னா மேடம், கல்யாண ஆர்டரா?"

"கிணறு."

"கிணத்துக்கா கல்யாணம்?"

சிரிக்கவில்லை நான். போனில் மாட்டும் கிளிப் லென்ஸைக் காட்டினான். ஓரமெல்லாம் கலங்கல். இருக்கிற லென்ஸின் முன்னால் திருகுவது இன்னொன்று. ஓரத்தில் ஊதா நிறம் வழிகிறது. எனக்கு ஓரம்தானே முக்கியம்? சுவர் அங்கேதான் விழும். கம்பெனி லென்ஸ் ஒரு ஸ்கூட்டர் விலை. கடைசியாக, யாரோ விற்ற எட்டு மில்லிமீட்டர் லென்ஸ், ஒன்பதாயிரம்.

"ஆட்டோ ஃபோகஸ் கெடையாது மேடம். கையாலதான் திருப்பணும்."

"கிணறு எங்கேயும் ஓடாது."

இப்போது அவன் சிரித்தான். பிடிக்காவிட்டால் ஐந்து நாளுக்குள் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்று ரசீதில் எழுதி வாங்கினேன். கான்வென்ட்டில் படித்த பழக்கம் — வாய்ச்சொல்லில் எதையும் விடுவதில்லை.

மார்ச் 8

மாட்டிய பிறகும் லென்ஸே இல்லை என்கிறது கேமரா. சுஹேல் போனில் சொல்லச் சொல்ல மெனுவில் ஒன்றை மாற்றினேன். ஒத்துக்கொண்டது.

மார்ச் 9, ஞாயிறு

வாரைக் கழுத்தில் மாட்டி, ஒரு கையைச் சுவரில் ஊன்றி, மறு கையை நீட்டி, கிணற்றுக்கு நேராகக் கவிழ்த்துப் பிடித்து எடுத்தேன். மொத்தச் சுவரும் வட்டமாக வந்தது. என் புடவைக் கரைகூட.

எதிர்ச் சுவரில் இருப்பது பழைய பாசி. கைப்பிடிச் சுவரில் என் விரல்கள். அதற்கு நேர் கீழே, கறுப்பாக ஓர் ஒழுகல் — நுரையோடு.

ஏழு படங்களையும் இதே இடத்தில் நின்றுதான் எடுத்தேன். என் காலடிச் சுவர் ஒன்றில்கூட இல்லை.

அதற்குப் பின்னால், போன ஆனியில் குளியலறைத் தண்ணீருக்குத் தோண்டிய குழி. "கிணத்தண்ட வேணாம்மா, தள்ளிப் போட்டுக்கலாம்" என்றார் கொத்தனார் ராமலிங்கம். ரோஜாச் செடிகளுக்காக நான்தான் அங்கேயே தோண்ட வைத்தேன். பக்கத்தில் நின்று.

மார்ச் 10

நான்கு முறை எடுத்தாயிற்று. அந்தப் பக்கத்துக் கறை இந்தப் பக்கம் விழுமா? சுஹேலைக் கேட்டேன். "வளைச்சுக் காட்டும் மேடம். எடம் மாத்தாது."

ரசீதுப்படி நாளை வரை திருப்பிக் கொடுக்கலாம். படத்தை அழிச்சுட்டா யாருக்குத் தெரியப் போவுது? இந்த வயசுல போய் அவகிட்ட இன்னான்னு சொல்றது?

கொட்டகையில் எட்டுப் பெண்கள் வேலை செய்கிறார்கள். காலையில் அவர்களுடைய செருப்புகளை எண்ணினேன்.

மார்ச் 11

திருப்பிக் கொடுக்கவில்லை.

மார்ச் 12

மனுவைத் திரும்பப் பெற்றேன், முத்திரை வாங்கினேன். சாயங்காலம் ராமலிங்கம் வந்தார்.

"குழிய எங்கம்மா தோண்டறது?"

"நீங்க அன்னைக்குச் சொன்ன இடத்துல."

உடனே கடப்பாரையை எடுத்தார். நல்ல மனிதர்.

மார்ச் 13

தூக்குப் பாத்திரத்துக்குள் போட்டு மதில்மேல் வைத்த கடிதத்தின் நகல்:

ஜஹீருன்னிசாவுக்கு,

உள்ளே வைத்திருக்கும் படத்தில் என் விரல்களுக்குக் கீழே வழிவது என் வீட்டுக் குளியலறைத் தண்ணீர். உன் கொட்டகையிலிருந்து எதுவும் வரவில்லை. நான் கொடுத்த மனு தவறு. அதைத் திரும்பப் பெற்ற தாள் இத்துடன் இருக்கிறது. பத்திரமாக வைத்துக்கொள். எழுதிக் கொடுத்துத்தான் உன்னை அவமானப்படுத்தினேன். அதனால் எழுதியே மன்னிப்புக் கேட்கிறேன்.

பேச விருப்பமில்லை என்றால் பேச வேண்டாம். இரண்டு வரி எழுதிப் பதில் அனுப்பு.

சுந்தரி