நான்கு மூலைப் பூக்கள்

பெங்களூரு, வியாழன்.

அன்புள்ள அம்மாவுக்கு, நதாலின் வணங்கி எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா?

எங்கள் தையல்கூட முதலாளி தன்வி மேடத்தின் கூத்தைக் கேள். கடையில் புதுத் துணி வாங்கி, கண்டபடி கிழிக்கச் சொல்லி, தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்துப் பழசாக்குகிறாள். எந்தத் துண்டு எங்கே வரவேண்டும் என்று கட்டம் போட்ட தாளில் படம் வேறு. ஒட்டுப்போர்வை தைக்க வெளிநாடு போய்ப் படித்திருக்கிறாளாம்!

நேற்று இங்கே என் முதல் போர்வையை முடித்தேன். நம் வழக்கப்படி நான்கு மூலையிலும் துணியை மடித்துப் பூ வைத்துக் கொடுத்தேன்.

"மிச்சத் துணி நீட்டிக்கிட்டு இருக்கே, நறுக்க மறந்துட்டியா?" என்று சொல்லிக்கொண்டே நான்கையும் கத்தரித்துவிட்டாள்.

"மேடம், பூ இல்லாட்டி போர்வை அம்மணமா இருக்கும்."

"செவுத்துல மாட்டப்போறோம். யாரு போத்திக்கப்போறா?"

அந்த அம்மணத்தைத்தான் வாசலில் மாட்டி, வருகிறவர்களிடம் பெருமை அடிக்கிறாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது, நீ கவலைப்படாதே.

மானுவேல் மாமா ஹளியாளிலிருந்து இங்கே வர பஸ் ஏறும்போது உன் கிழிந்த சேலைகளையும் அப்பாவின் பழைய சட்டையையும் கொடுத்தனுப்பு. புதிது எதுவும் வேண்டாம். குப்பைக்கூடையிலிருந்து அந்தப் பூக்களை எடுத்து வைத்திருக்கிறேன்.

மேடம் கூப்பிடுகிறாள், நிறுத்துகிறேன். பூ நான்கும் கைவசம் இருக்கின்றன. தைத்துப் போர்த்திக்கொள்ளத்தான் நம் வீட்டுத் துணி ஒன்றும் இல்லை.

உன் மகள்,
நதாலின்