சுற்றுகிற கைக்கு வைத்த பேர்

2006, வெள்ளிக்கிழமை. ஷார்ஜா.

பாப்பா, இன்றைக்கு உன் அக்காவை மெச்சிக்கொண்டார்கள்.

நீ இறந்த சேதி வந்ததிலிருந்து எனக்கு வேலையில் கை ஓடவில்லை. மேடம் வீட்டு வேலைக்கு வேறு ஆள் பார்க்கிறார் என்று டிரைவர் கரீம் பாய் முந்தாநாள்தான் சொன்னார். இன்று விருந்துக்கு மேடம் தன் மெக்சிகோ நாட்டுப் பலகாரம் செய்தார். தமால் என்று பேர். மக்காச்சோள மாவுக்குள் கோழிக்கறி வைத்து, கதிரின் காய்ந்த தோலில் சுற்றி ஆவியில் அவிக்க வேண்டும்.

மேடம் நார் கிழித்துக் கட்டினார். நான் யோசிக்காமல், ஊரில் நாம் சுற்றின பீடிக்கு முனை மடக்குகிற மாதிரி மடக்கிவிட்டேன். அவிழ்ந்துபோகும் என்று மேடம் முகம் சுளித்தார். இருந்தும் அப்படியே சட்டியில் அடுக்கி அவித்தோம். சட்டியைத் திறந்தால் நான் சுற்றியதில் ஒன்றுகூட அவிழவில்லை. அவருடையதுதான் சிலது வாயைப் பிளந்து கிடந்தது.

மேடம் விழுந்து விழுந்து சிரித்து இங்கிலீஷில் என்னவோ சொன்னார். கரீம் பாய்தான் எனக்குச் சொன்னார்.

"ஏம்மா, தமால்னா அவங்க நாட்டுப் பழங்கால பாஷையில 'சுத்துனது'ன்னு அர்த்தமாம்லா. இனிமே இந்த வீட்ல சுத்துறது நீதானாம். வேற ஆள் மாஃபி, கிடையவே கிடையாது. போ, மூஞ்சியக் கழுவு!"

மாவுக்கு இல்லை, கறிக்கு இல்லை. சுற்றின வேலைக்குத்தான் பேர் வைத்திருக்கிறார்கள். விருந்தாளிகளுக்கு நானே தட்டு ஏந்திப் போனேன், தலை குனியவே இல்லை.

நான் மூத்தவள்தான். ஆனாலும் முனை மடக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீ. உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது, பாப்பா?