பன்னிரண்டு ஏக்கர் பென்சன்

06.01.2025 திங்கள்

நேற்றோட எனக்கு அறுபது முடிஞ்சுது. இண்டையில இருந்து நான் பென்சன்காரன்.

தர்மபுரத்தில கமம் செய்யிறவங்களுக்குள்ள கொம்பனிப் பென்சன் எடுக்கிற முதல் ஆள் நான்தான். கிளிநொச்சி மாவட்டத்திலயே முதல் ஆளாயும் இருக்கலாம். விசாரிச்சுப் பார்க்கேல்லை.

அஞ்சு வருசத்துக்கு முன்னம் நிருஷன் எண்ட ஏஜென்ற் தம்பி கழுத்துப்பட்டியோட வந்து, எங்கட விறாந்தையில இருந்து சொன்னது இப்பவும் காதுக்குள்ள நிக்குது. "மாதம் அய்யாயிரம் கட்டுங்கோ ஐயா. அறுபது முடிய, சாகுமட்டும் மாதாமாதம் இருபத்தையாயிரம் வரும்." நான் ஒரு மாதம் தவறேல்லை. பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில நிண்ட வருசமும் கட்டினன். ரெண்டு மாதம் கடன் வாங்கிக் கட்டினது நாகேஸ்வரிக்குத் தெரியாது.

நான் மட்டும் நல்லாயிருந்தால் போதுமோ? முன்வீட்டுச் சுப்பம்மாவையும் சேர்த்துவிட்டன். எழுபத்தேழுக் கலவரத்தில மலைநாட்டில இருந்து சின்னப்பிள்ளையாய் வந்தவா. புருசன் இல்லை. ஒரு மாடும் கூலி வேலையும்தான். மாதம் ரெண்டாயிரத்தைநூறு கட்டுறா. ஆவணியில அவாவுக்கும் அறுபது.

இந்த டயறியும் கொம்பனி தந்ததுதான். நாளைக்குக் கிளிநொச்சிக் கந்தோருக்குப் போறன். வெள்ளைச் சேட் மினுக்கி வைச்சிருக்கு. சந்தியில மாதம் நாப்பதாயிரம் வரும் எண்டு சொல்லிப்போட்டன். வாயில அப்பிடித்தான் வந்தது.

07.01.2025 செவ்வாய்

கந்தோரில இருந்த பிள்ளை நல்ல மரியாதையான பிள்ளை. எழும்பி நிண்டுதான் சொன்னவா. இது பென்சன் இல்லையாம். ஆயுள் காப்புறுதியாம். பதினஞ்சு வருசம் கட்டவேணுமாம், 2035 மட்டும். இப்ப நிப்பாட்டினால் எழுபத்தீராயிரம் வருமாம். நான் கட்டினது மூண்டு லட்சம்.

"பென்சன் எண்ட சொல்லு இதில ஒரு இடத்திலயும் இல்லை, ஐயா."

நிருஷன் எங்கை எண்டு கேட்டன். வேலையை விட்டிட்டு வெளிநாடு போய் ரெண்டு வருசமாம்.

வீட்டை வந்து, கந்தோரில கொம்பியூட்டர் பழுது எண்டு சொன்னன். நாகேஸ்வரி தேத்தண்ணிக்குச் சீனி கூடப் போட்டா. விளங்கியிருக்கும்.

08.01.2025 புதன்

இண்டைக்குச் சந்திப் பக்கம் போகேல்லை. கால் நோ எண்டு சொன்னன். கால் நோகேல்லை.

12.01.2025 ஞாயிறு

சுப்பம்மா பால் கொண்டு வந்தா. வாசலிலயே நிண்டு கேட்டா, "அண்ணே, மொத மாசக் காசு வந்திருச்சா?"

என்ர வாயில எத்தினையோ பதில் வந்தது. தபால் பிந்துது, பாங்கில லீவு... ஒண்டையும் சொல்ல ஏலாமல் போச்சு. உள்ளதைச் சொன்னன். அவா கொண்டுவந்த பால்செம்பைக் கீழ வைச்சிட்டு, படியில இருந்திட்டா. கனநேரம் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தா. ஆவணியோட கூலிக்குப் போறதை நிப்பாட்டலாம் எண்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தவாவாம். முழங்கால் ரெண்டும் மடிச்சால் நிமிருதில்லையாம்.

"நீங்க சொன்னீங்கன்னுதான்ணே சேந்தேன். அந்தத் தம்பிய எனக்கு யாருன்னே தெரியாது."

ஏசியிருக்கலாம். ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பன். அவா பால்செம்பைக் குடுத்திட்டுப் போட்டா.

எனக்கு அந்த மூண்டு லட்சம் போனாலும் பரவாயில்லை. — பரவாயில்லையோ? இல்லை, பரவாயிருக்கு. ஆனால் சுப்பம்மாவின்ர காசு வந்தே ஆகவேணும்.

14.01.2025 செவ்வாய், பொங்கல்

தங்கச்சியின்ர மகள் யதுர்ஷிகா பொங்கலுக்கு வந்தவள். பிரதேச செயலகத்தில உத்தியோகம், இங்கிலிஸ் தண்ணி மாதிரி. பொங்கல் புக்கையைச் சாப்பிட்டுக்கொண்டே என்ரயும் சுப்பம்மாவின்ரயும் பத்திரம் ரெண்டையும் வாசிச்சு முடிச்சாள். முடியேக்கை புக்கை ஆறிப்போச்சு.

"மாமா, இதை ஏமாத்தித்தான் வித்திருக்கிறாங்கள். முதல்ல கொம்பனிக்கு எழுதுவம். சரிவரேல்லை எண்டால் கொழும்பில குறைகேள் அதிகாரி இருக்கிறார். கோட்டுக்குப் போகாமல் விசாரிப்பார். காசும் எடுக்கமாட்டார்."

கடிதத்தை நான் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னன். "வன்னிப் பெருநிலப்பரப்பின் முன்னணிக் கமக்காரனும், பல அரசாங்க அதிபர்கள் கைகுலுக்கியவனுமாகிய நான்" எண்டு தொடங்கினன். அவள் எழுதினது: "நான் விவசாயி." கடிதம் ரெண்டு பக்கம். என்ர முறையில எழுதியிருந்தால் பதினஞ்சு பக்கம் வந்திருக்கும், கொம்பனிக்காரனும் பயந்திருப்பான்.

11.03.2025 செவ்வாய்

கொம்பனி பதில் போட்டிருக்கு. கூட நான் ஒப்பம் வைச்ச போமின்ர கொப்பியும்.

யதுர்ஷிகா போமைத் தமிழில வாசிச்சுக் காட்டினாள். சொந்த வயல் பன்னிரண்டு ஏக்கர். மாத வருமானம் ரெண்டரை லட்சம். பெரிய உழவு மிசின் ஒண்டு. கனடாவில மகன்.

எங்களுக்குப் பிள்ளையே இல்லை.

யதுர்ஷிகா என்னைப் பார்த்தாள். நாகேஸ்வரி குசினி வாசலில நிண்டு பார்த்தா. "கனடா மகனுக்குப் பேர் என்ன வைச்சனீங்கள்?" எண்டு மட்டும் கேட்டா.

இதை எழுதித்தான் வைக்கவேணும். எனக்குக் குளத்துக்குக் கீழ ரெண்டு ஏக்கர் வயல். உழவுக்கு இருக்கிறது ரெண்டு சில்லு லான்மாஸ்ரர் எண்ட கை உழவு மிசின். குகதாசன்ர நாலு ஏக்கர், கோயிலின்ர மூண்டு, பாலன்ர மூண்டு எல்லாம் வருசா வருசம் நான்தான் கூலிக்கு உழுகிறன். என்ர மிசின் இறங்கின வயல் எனக்கும் ஒரு உரித்து எண்ட நினைப்பு. எல்லாத்தையும் கூட்டினால் பன்னிரண்டு. அண்டைக்கு நிருஷன் கேட்டுக் கேட்டு எழுதினவன், நான் அவன் எழுத எழுதச் சொன்னனான். போம் இங்கிலிஸ். நாகேஸ்வரி குசினிக்குள்ள இருந்து ரெண்டு தரம் இருமினவா. நான் புகைக்குத்தான் எண்டு நினைச்சன்.

கொம்பனி சொல்லுது, இவ்வளவு வசதியான ஆள் விளங்காமல் ஒப்பம் வைச்சிருக்கமாட்டாராம். சுப்பம்மாவையும் இந்த வசதியான ஆள்தான் கூட்டி வந்தவராம், அதால அவாவையும் ஆரும் ஏமாத்தேல்லையாம்.

"மாமா, நீங்கள் உண்மையைச் சொன்னால், பொய் விபரம் குடுத்தனீங்கள் எண்டு உங்கட காசு போகவும் கூடும். சொல்லாட்டில் சுப்பம்மா அன்ரியின்ர காசு கட்டாயம் போகும். சத்தியக்கடதாசி முடிக்கவேணும். சமாதான நீதவான் ஜே.பி.க்கு முன்னால."

எங்கட ஊர் ஜே.பி. ஆர்? குகதாசன். நாலு ஏக்கர்க் குகதாசன். கமக்காரர் அமைப்புத் தலைவர். நான் வெள்ளைச் சேட் போட்டால் அடுத்த நாள் பட்டுவேட்டி கட்டுற மனிசன்.

வேற ஊர் ஜே.பி.யிட்டைப் போவமோ எண்டு கேட்டன். நாகேஸ்வரி வெள்ளைச் சேட்டை எடுத்து மினுக்கத் தொடங்கினா.

13.03.2025 வியாழன்

சத்தியக்கடதாசியோட இணைக்கக் கமநல சேவை நிலையத்தில மானிய உரப் பட்டியல் எடுத்தன். அதில என்ர பேருக்கு நேர ரெண்டு ஏக்கர். அரசாங்கத்துக்கு மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறன் — உரம் அளந்துதானே தருவாங்கள்.

குகதாசன் வீட்டை நாளைக்குப் போவன்.

16.03.2025 ஞாயிறு

இண்டைக்குத்தான் போனன். சுப்பம்மாவும் கூட வந்தா. "நீங்க பாதியில திரும்பிருவீங்கண்ணே" எண்டு சொல்லிப்போட்டுப் பின்னால நடந்து வந்தா.

குகதாசன் கதிரையில நிமிர்ந்து இருந்து, கண்ணாடி போட்டு, சத்தியக்கடதாசியைச் சத்தமா வாசிச்சார். மனிசி, மருமகன், தேங்காய் வாங்க வந்த ஆள் எல்லாருக்கும் கேக்க. "எனக்குச் சொந்தமான வயல் இரண்டு ஏக்கர் மாத்திரமே. மிகுதி பத்து ஏக்கரும் பிறருடையவை." அந்த இடத்தை ரெண்டு தரம் வாசிச்சார். நான் நிலத்தையே பார்த்துக்கொண்டு நிண்டன்.

"அப்ப என்ர நாலு ஏக்கரும் அஞ்சு வருசமா உம்மட பேரில இருந்திருக்கு. குத்தகை எங்கை, சின்னராசா?"

தேங்காய்க்காரன் சிரிச்சான். சுப்பம்மாவும் முந்தானையால வாயைப் பொத்தினா. நான், உழவுக்கூலியில கழிச்சுக்கொள்ளும் எண்டன்.

பிறகு குகதாசன் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். கொம்பனியின்ர பேர், நிருஷன்ர பேர். முகம் மாறிட்டுது. மருமகனை உள்ளுக்குப் போகச் சொன்னார், தேங்காய்க்காரனை அனுப்பினார். என்னைக் கதிரையில இருத்தி, அலுமாரியைத் திறந்து ஒரு நீலப் பைல் எடுத்து என்ர மடியில வைச்சார்.

அதே கொம்பனி. அதே நிருஷன். மாதம் எட்டாயிரம்.

"நீர் பென்சனில சேர்ந்திட்டீர் எண்டு சந்தியில கேள்விப்பட்டன். உமக்கு நான் குறைஞ்சவனோ எண்டு அடுத்த கிழமையே அவனைக் கூப்பிட்டன்." குரல் இறங்கிப்போச்சு. "நான் பதினஞ்சு ஏக்கர் எண்டு போட்டிருக்கிறன்."

அந்த மனிசனுக்கு உள்ளது நாலு. மிச்சத்துக்கு ஆரின்ர வயலைச் சேர்த்தீர் எண்டு கேட்டன். கோயில் வயலாம், பாலன்ர வயலாம், பள்ளிக்கூட வளவு மூண்டு ஏக்கராம்... பிறகு கொஞ்சம் இழுத்து, "உம்மட ரெண்டும்."

நான் சிரிச்ச சிரிப்பில கதிரை ஆடிச்சு. அவரும் சிரிச்சார். சிரிச்சுச் சிரிச்சு இருமல் வந்து, மனிசி தண்ணி கொண்டு வந்தா. சுப்பம்மா எழும்பி நிண்டு ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தா.

"ஏங்க, ஆம்பளைங்க நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர் வயல ஒருத்தர் எழுதிக்கிட்டீங்க. என்னோட போமுல அவன் என்னத்த எழுதி வச்சான்னு யாராச்சும் பாத்தீங்களா?"

பார்த்தம். கொம்பனி தனக்கு அனுப்பின கொப்பியை அவா பையுக்குள்ள இருந்து எடுக்க, குகதாசன்ர மருமகனைத் திரும்பக் கூப்பிட்டு வாசிப்பிச்சம். சுப்பம்மாவுக்குப் பால் பண்ணை, இருபது மாடு. அவாவிட்டை நிருஷன் மாட்டைப் பற்றி ஒரு கேள்வியும் கேக்கேல்லையாம். நாங்கள் புளுகினது ஒரு பக்கம். கேளாத இடத்தில அவனே புளுகியிருக்கிறான்! மூண்டு போமிலயும் ஒரே ஆளின்ர எழுத்து.

குகதாசன் மேசையில அடிச்சார். "இனி இது தனியாள் வழக்கில்லை."

18.03.2025 செவ்வாய்

குகதாசன் தன்ர சத்தியக்கடதாசிக்குத் தானே முத்திரை குத்த ஏலாது. விசுவமடு ஜே.பி.யிட்டை நானும் கூடப் போனன். அங்கை அவர் "நாலு ஏக்கர் மாத்திரமே" எண்டு சொல்லேக்கை நான் பக்கத்தில நிண்டு கேட்டன். இந்த வருசத்தில நான் கேட்ட நல்ல வசனம் அதுதான்.

போகேக்கை பெற்றோல் அவர், வரேக்கை ரீயும் வடையும் நான்.

21.03.2025 வெள்ளி

மூண்டு முறைப்பாட்டையும் யதுர்ஷிகா பதிவுத் தபாலில கொழும்புக்கு அனுப்பினாள். சந்தியில ஏழு முறைப்பாடு எண்டு சொன்னன். பழக்கம்.

17.07.2025 வியாழன்

இண்டைக்கு விசாரணை. யதுர்ஷிகாவின்ர கொம்பியூட்டரில. நாங்கள் மூண்டு பேரும் ஒரு வாங்கில நெருங்கி இருந்தம். நாகேஸ்வரி பின்னால நிண்டா. தான் இருமினால் நான் வாயை மூடவேணும் எண்டு முதலே சொல்லிப்போட்டா.

குறைகேள் அதிகாரி வயசான மனிசன், தமிழ் ஆறுதலாக் கதைச்சார். முதல்ல சுப்பம்மாவிட்டைக் கேட்டார், என்ன சொல்லி வித்தவங்கள் எண்டு. ராத்திரியெல்லாம் நான் அவாவுக்குச் சொல்லிக் குடுத்த ஒண்டையும் அவா சொல்லேல்லை.

"அறுவது வயசுக்கு மேல உக்காந்து சாப்பிடலாம், சாகுற வரைக்கும் மாசாமாசம் வரும்னான் சார். நான் திரும்பக் கேட்டேன், சாகுற வரைக்குமான்னு. ஆமான்னு தலையில கைவச்சுச் சத்தியம் பண்ணுனான். எனக்கு இருபது மாடு இருந்தா நான் ஏன் சார் ஊரான் வயல்ல களை புடுங்கப் போறேன்?"

கொம்பனிப் பக்கத்துச் சட்டத்தரணி கடதாசியைப் பிரட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு என்னிட்டை. போமில பன்னிரண்டு ஏக்கர் எண்டு இருக்கே, உண்மையோ?

சுப்பம்மாவின்ர தோள் என்ர தோளில முட்டிக்கொண்டிருந்தது.

"ரெண்டு ஏக்கர் ஐயா. மிச்சப் பத்தும் வாயால உழுதது."

மனிசன் கண்ணாடியைக் கழற்றித் துடைச்சார். சிரிக்கிறார் எண்டு தெரிஞ்சுது. பிறகு சட்டத்தரணியைக் கேட்டார், ஒரே குளத்துக்குக் கீழ பன்னிரண்டு ஏக்கர்க்காரரும் பதினஞ்சு ஏக்கர்க்காரரும் இருபது மாட்டுப் பண்ணையும் ஒரே மாதத்தில கிடைச்சதே, உங்கட கொம்பனியில ஒருத்தருக்கும் வந்து பார்க்கத் தோன்றேல்லையோ எண்டு. ஒரு உரித்துக் கடதாசி கேட்டிருந்தால் போதுமே எண்டு.

முடிய, குகதாசன் என்ர காதுக்குள்ள சொன்னார்: "வாயால உழுதது எண்டு நான் சொல்லுவம் எண்டு வைச்சிருந்தன். முந்திட்டீர்."

19.09.2025 வெள்ளி

வந்திட்டுது!

கட்டின காசு முழுக்க, வட்டியோட திருப்பிக் குடுக்கச் சொல்லித் தீர்ப்புக் கடிதம். மூண்டு பேருக்கும். பொய் விபரம் சொன்னதுக்கு எனக்கும் குகதாசனுக்கும் வட்டியில கொஞ்சம் வெட்டியிருக்கு. சுப்பம்மாவுக்கு ஒரு சதம் வெட்டேல்லை.

கடிதத்தை யதுர்ஷிகா வாசிக்க, சுப்பம்மா திரும்ப வாசிக்கச் சொன்னா. திரும்பவும். நாலாம் தரம் வாசிக்கேக்கை நாகேஸ்வரி அழுதா. நான் அழேல்லை. கண்ணுக்குள்ள உமி.

கடன் வாங்கிக் கட்டின ரெண்டு மாதத்தையும் நாகேஸ்வரிக்குச் சொல்லிப்போட்டன். "தெரியும்" எண்டா.

22.09.2025 திங்கள்

உடையார்கட்டில இருந்தும் கனகராயன்குளத்தில இருந்தும் ஆக்கள் போன் எடுக்கினம், தங்கட பத்திரத்தையும் பார்த்துச் சொல்லச் சொல்லி. நாப்பது பேர். — நாலு பேர். நானும் குகதாசனும் ஞாயிற்றுக்கிழமை போறம். வாசிக்க யதுர்ஷிகா, கதைக்க நாங்கள்.

09.11.2025 ஞாயிறு

மழை விட்ட நேரம் பார்த்து மேட்டுக்காணியில கச்சான் கடலைக்குக் களை பிடுங்கினன். கூலிக்கு ஆள் கிடைக்கேல்லை. நானும் நாகேஸ்வரியும் குனிஞ்சபடி.

பால் லொறி சுப்பம்மா வீட்டுப் படலையில நிண்டுது. அவா இப்ப கூலிக்குப் போறேல்லை, ரெண்டாவது மாடு வாங்கியிருக்கிறா. நெத்தியில சுட்டி உள்ள பசு. மிச்சக் காசு தபால் கந்தோரில. வெறும் பால்கானை ஆட்டிக்கொண்டு எங்கட வேலிக்கு வந்து, கட்டையில சாய்ஞ்சு நிண்டா. நல்ல வெய்யில் பட்டு முகம் மினுங்கிச்சு.

"அண்ணே, அந்தா உங்க காலடியில ஒண்ண விட்டுட்டீங்க. அதுக்குப் பின்னாலயும் ஒண்ணு."

பிடுங்கினன்.