வரவில்லை என்று எழுதப்பட்ட பதினொரு பேர்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருந்தால் அதுவே எனக்குப் போதும். நாங்களும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். ஆனால் மனசு ஆறவில்லை, போனில் பேசினால் கத்திவிடுவேன் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

அப்பா இருபத்திரண்டு வருஷம் பீரங்கிக்குப் பக்கத்திலேயே நின்றவர், காதில் அடைக்கப் படையில் கொடுத்தது ஒரு துண்டுப் பஞ்சு. இப்போது ஓய்வுபெற்ற சிப்பாய்களுக்குக் காதைச் சோதித்து மிஷின் கொடுக்கிறோம் என்று முன்னாள் படைவீரர் ஆபீஸிலிருந்து தகவல் வந்தது, வர மாட்டேன் என்றவரை நச்சரித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கூட்டிப்போனேன். கூட வந்தவர்கள் கீழேயே நிற்க வேண்டுமாம். மாடி வராந்தா பெஞ்சில் காது கேளாத பதினொரு பேர், தலைக்கு மேலே ஃபேன் கடகடவென்று ஓடுகிறது, சாத்திய கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஒரு குமாஸ்தா பெயர் கூப்பிட்டிருக்கிறான்! வேறு யாராவது என்றால் கதவை முட்டியிருப்பார்கள், இவர்கள் படையில் பழகியவர்கள் ஆயிற்றே, கூப்பிடாமல் எழுந்திருக்கக் கூடாது என்று ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரை முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். பொறுக்க முடியாமல் நான் மேலே ஏறிப்போனால் அவன் கதவைப் பூட்டிக்கொண்டிருக்கிறான். கூப்பிட்டோம்மா, யாரும் வரலை, வரலைன்னு எழுதியாச்சு, இனிமே அடுத்த மாசம்தான் என்று பல்லைக் குத்திக்கொண்டே சொல்கிறான். கண்ணு தெரியாதவனுக்குச் சைகை காட்டுவியா என்று கேட்டேன், அதற்கும் ஒரு இளிப்பு. சீ என்று ஆகிவிட்டது. அதைவிட, நடந்ததை நான் காதோரம் கத்திச் சொன்னதும், தப்பு தங்கள் மேல்தான் என்பது போல அந்தப் பதினொரு பேரும் தலைகுனிந்து நின்றதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. அப்பா என் கையைப் பிடித்து இழுத்து, விடு, எழுதினா எழுதட்டும், வீட்லயும் நான் இல்லாத மாதிரிதானே நடக்குது என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் எதிரிலேயே அவரைப் பற்றி நான் பேசுகிறேன், அவருக்குத்தான் கேட்காதே என்று. நீயும் போனில், அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்கம்மா என்று வைத்துவிடுகிறாய். அந்தக் குமாஸ்தாவைத் திட்டிய வாயாலேயே என்னையும் திட்டிக்கொண்டேன், உன்னையும்தான், கோபித்துக்கொள்ளாதே. பெரிய அதிகாரியிடம் போய்ச் சண்டை போட்டு, அடுத்த மாதம் பதினாலாம் தேதி ஒவ்வொருவரையும் தோளைத் தொட்டுத்தான் கூப்பிட வேண்டும் என்று எழுதி வாங்கிவிட்டேன். ஆனால் அப்பா இனி அந்தப் படி ஏற மாட்டேன் என்கிறார், மிஷின் இல்லாமலே காலத்தை ஓட்டிவிடுகிறாராம்.

என் பேச்சு எடுபடவில்லை, நீ எழுது. எனக்கு எழுதும் கடிதத்தின் அடியில் அப்பாவைக் கேட்டதாகச் சொல்லவும் என்று ஒரு வரி போடாதே. தனி உறையில், அவர் பெயர் போட்டு, அவரிடமே பேசு. குழந்தையின் தடுமனுக்கு வெந்நீர் கொடு, வேளைக்குச் சாப்பிடு, எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழுங்கள். பதினாலாம் தேதிக்கு முன்னால் கடிதம் வந்து சேர வேண்டும், மறந்துவிடாதே. நீ போய் ஒன்பது வருஷம் ஆகிறது, அவர் பெயருக்கு உன்னிடமிருந்து ஒரு கடிதம் வந்ததில்லை.

உன் அம்மா